ஒரே டெர்மினலில் மூன்று ஏஜென்ட்கள்: மோதவிடாமல் வேலை வாங்கும் முறை

கோடு (நிரல்) எழுதும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை டெர்மினலில் ஓட்டப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, இரண்டாவதையும் திறந்துவிடலாமே என்பதுதான். ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும் ஐந்து நிமிடமும் நாம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்! இன்னொரு டேப் திறந்து, அதே ஃபோல்டரில் இரண்டாவது ஏஜென்டை ஏவிவிட்டால் என்ன ஆகும்?

முதல் பத்து நிமிடம் ஒன்றும் ஆகாது. பிறகு, முதல் ஏஜென்ட் ஒரு ஃபங்ஷனைப் பாதி மாற்றியிருக்கும் நேரம் பார்த்து இரண்டாவது டெஸ்ட் ஓட்டும். டெஸ்ட் விழும். அந்தக் கோப்பை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. விழுந்த டெஸ்டை எழுப்பி நிறுத்த, முதல் ஏஜென்டின் அரைகுறை வேலையைப் பழையபடி மாற்றிவைக்கும். முதலாவது திரும்பி வந்து பார்த்தால் தான் எழுதியது காணோம், மறுபடி எழுதும். நடுவில் ஏதோ ஒன்று கமிட் செய்தால் (மாற்றங்களை வரலாற்றில் பதிந்தால்) இரண்டின் மாற்றங்களும் ஒரே கமிட்டில் கலந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் கமிட் செய்ய முயன்றால், இன்டெக்ஸ் லாக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று கிட் (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) மறுக்கும். அந்த லாக் கோப்பையே அழித்துவிட்டு மேலே போகிற துணிச்சலும் ஏஜென்ட்களுக்கு உண்டு.

ஆகவே புதிதாக ஓர் ஏஜென்டைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதுவும் மற்றதும் எதையெதைப் பகிர்ந்துகொள்கின்றன? ஃபோல்டர், பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை), போர்ட் (சர்வர் ஓடும் எண்), டேட்டாபேஸ், கணக்கின் பயன்பாட்டு வரம்பு, கடைசியில் உங்கள் கண். பிரிக்க முடிந்ததைப் பிரிப்பது, பிரிக்க முடியாததில் வரிசை வைப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லியிருக்கிறோம். தனி எழுத்தாக வரும் 'பி', எங்கும் பிராஞ்ச் என்ற சொல்லின் முதல் எழுத்து.

தேவையானவை

கிட் 2.17 அல்லது அதற்குப் பிந்தையது. வொர்க்ட்ரீ வசதி 2015இல் வந்த 2.5 பதிப்பிலேயே சேர்ந்தது, ஆனால் கடைசியில் வரும் 'வொர்க்ட்ரீ ரிமூவ்' கட்டளை 2.17இல்தான் வந்தது. இன்று நிறுவப்படும் எந்த கிட்டிலும் இருக்கும். அடுத்து டிமக்ஸ், ஒரே டெர்மினலில் பல ஜன்னல்களை ஓடவைக்கும் கருவி. லினக்ஸிலும் மேக்கிலும் பேக்கேஜ் மேனேஜர் வழியாக நிறுவலாம். விண்டோஸில், லினக்ஸை ஓட்டவிடும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் நிறுவுங்கள். பிறகு ஓர் ஏஜென்ட்: கிளாட் கோட், கோடெக்ஸ் சிஎல்ஐ, ஜெமினி சிஎல்ஐ, ஏய்டர் என எதுவாகவும் இருக்கலாம். இங்கே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும். இவற்றைக் கலந்துகூட ஓட்டலாம், ஆனால் தொடக்கத்தில் ஒரே வகையில் நில்லுங்கள். ஒவ்வொன்றும் அனுமதி கேட்கும் விதம் வேறு. பழகாத கையில் குழப்பும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை முதல் வாரம் இரண்டு போதும். மூன்றாவதை எப்போது சேர்ப்பது என்பது கடைசிக்கு முந்தைய பகுதியில் வருகிறது.

முதலில் வேலையைப் பிரியுங்கள்

டெர்மினலைத் தொடும் முன் செய்ய வேண்டியது இது. பலரும் தாண்டிப்போவதும் இதைத்தான். 'நீ முன்பக்கம், நீ பின்பக்கம்' என்று பிரித்தால், நடுவில் இருக்கும் ஏபிஐ வடிவத்தை இரண்டும் தனித்தனியாக ஊகிக்கும். ஒன்று யூசர் ஐடியை எண்ணாக அனுப்பும், மற்றது எழுத்தாக எதிர்பார்க்கும். அப்படித்தான் பிரித்தாக வேண்டும் என்றால், ஏபிஐ வரையறையை முதலில் நீங்களே எழுதி மெயின் பிராஞ்சில் கமிட் செய்துவிட்டுப் பிறகு இரண்டையும் தொடங்குங்கள்.

நல்ல பிரிவினைக்கு எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் அது தொடப்போகும் கோப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். இரு பட்டியலிலும் ஒரே கோப்பு வந்தால் அவற்றைச் சேர்த்து ஓட்டாதீர்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றது. எல்லாரும் கைவைக்கும் கோப்புகள் சில எப்போதும் இருக்கும்: ரவுட் பட்டியல், பேக்கேஜ் பட்டியல், மொழிபெயர்ப்புக் கோப்பு, டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் கோப்பு). இவற்றில் மைக்ரேஷன்தான் மோசம். பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் இரு பிராஞ்சிலும் இரு ஏஜென்ட்கள் ஆளுக்கு ஒரு 0005 மைக்ரேஷனை உருவாக்கினால், கோப்புப் பெயர்கள் வேறு என்பதால் கிட் வாய் திறக்காமல் சேர்த்துவிடும். பிறகு மைக்ரேட் ஓட்டும்போதுதான் ஜாங்கோ முரண்பாடு என்று நிற்கும். எனவே ஒரு விதி: எந்த நேரத்திலும் ஒரே ஓர் ஏஜென்டுக்குத்தான் மைக்ரேஷன் எழுத அனுமதி.

சேர்த்து ஓட்டத் தோதான வேலைகள்: ஒரு மாட்யூலில் பிழைத் திருத்தம், வேறு மாட்யூலுக்கு டெஸ்ட் எழுதுதல், ஆவணம் புதுப்பித்தல், கோடைப் படித்துக் கேள்விக்குப் பதில் சொல்லுதல். கடைசியாகச் சொன்னதற்குத் தனி ஃபோல்டர்கூட வேண்டாம், எதையும் எழுதாது என்பதால். திட்டம் முழுவதும் ஒரு பெயரை மாற்றுவது, ஃபிரேம்வொர்க் பதிப்பை உயர்த்துவது, ஃபார்மேட்டரை மாற்றுவது போன்றவற்றைத் தனியாக, வேறு எதுவும் ஓடாத நேரத்தில் முடித்துவிடுங்கள்.

ஏஜென்டுக்கு ஒரு வொர்க்ட்ரீ

வொர்க்ட்ரீ என்பது ஒரே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டர். வரலாறு ஒன்றுதான், ஆனால் கோப்புகளும் பிராஞ்சும் இன்டெக்ஸும் தனி. முழு குளோன் எடுப்பதைவிட இடம் குறைவு, நொடிகளில் தயார். உங்கள் ரெப்போ 'ஷாப்' என்ற ஃபோல்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் நின்றுகொண்டு:

கிட் வொர்க்ட்ரீ ஆட் -பி லாகின் ../ஷாப்-லாகின் மெயின்
கிட் வொர்க்ட்ரீ ஆட் -பி பில் ../ஷாப்-பில் மெயின்

முதல் வரி, மெயினிலிருந்து 'லாகின்' என்ற புதிய பிராஞ்சை எடுத்து, பக்கத்து ஃபோல்டரில் விரிக்கிறது. இரண்டாவதும் அப்படியே. 'கிட் வொர்க்ட்ரீ லிஸ்ட்' என்று தட்டினால் எது எங்கே இருக்கிறது என்று மூன்று வரியில் தெரியும். வொர்க்ட்ரீயை ரெப்போவுக்கு உள்ளே வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். உள்ளே வைத்தால் தேடல் கருவிகள் ஒரே ஃபங்ஷனை இரண்டு இடத்தில் காட்டும். ஏஜென்ட் தவறான பிரதியைத் திருத்திவிட வாய்ப்பு. சில ஏஜென்ட்கள் தாங்களே உள்ளே ஒரு மறைவான ஃபோல்டரில் வொர்க்ட்ரீ உருவாக்கும். அப்படியானால் அந்த ஃபோல்டரை, கிட் கவனிக்க வேண்டாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்த்துவிடுங்கள்.

ஒரே பிராஞ்சை இரு வொர்க்ட்ரீயில் திறக்க கிட் விடாது. பிழை என்று எண்ணி ஃபோர்ஸ் போட்டு மீறாதீர்கள். அது நமக்கான பாதுகாப்பு.

புதியவர்கள் தடுமாறும் இடம் இனிதான் வருகிறது. வொர்க்ட்ரீயில் கிட் அறிந்த கோப்புகள் மட்டுமே வரும். கிட்இக்னோரில் இருப்பவை வராது: டாட் என்வி கோப்பு (அமைப்புகளும் சாவிகளும் இருப்பது), நோட் மாட்யூல்ஸ், பைத்தான் வெர்சுவல் என்விரான்மென்ட், உருவாக்கிய பில்ட். ஏஜென்டைத் திறந்ததும் அது டெஸ்ட் ஓட்டிப் பார்த்து, எதுவும் இல்லையே என்று தானாக ஒரு டாட் என்வியைக் கற்பனையில் எழுதிவைக்கும். அதற்கு இடம் தராமல் நீங்களே முன்கூட்டி டாட் என்வியைப் பிரதி எடுத்து, பேக்கேஜ்களை நிறுவிவிடுங்கள்.

நோட் மாட்யூல்ஸ் பெரிதாக இருக்கிறதே என்று மூல ஃபோல்டருக்கு ('ஷாப்') சிம்லிங்க் (பிரதி எடுக்காமல் சுட்டும் இணைப்பு) போடுவது பலர் செய்யும் குறுக்குவழி. ஓர் ஏஜென்ட் ஒரு பேக்கேஜை உயர்த்தினால் எல்லாருக்கும் மாறிவிடும், பிரித்ததன் பயனே போயிற்று. இடம்தான் கவலை என்றால் பிஎன்பிஎம் பயன்படுத்துங்கள். ஒரே சேமிப்பிலிருந்து ஹார்ட்லிங்க் போடுவதால் ஒவ்வொரு வொர்க்ட்ரீக்கும் முழு அளவு செலவாகாது.

பைத்தானில் இன்னும் நுட்பமான பள்ளம் ஒன்று இருக்கிறது. மூல ஃபோல்டரில் 'பிப் இன்ஸ்டால் -இ .' என்று எடிட்டபிளாக நிறுவிய என்விரான்மென்ட்டை அப்படியே ஆக்டிவேட் செய்துகொண்டு வொர்க்ட்ரீயில் டெஸ்ட் ஓட்டினால், இம்போர்ட் ஆவது மூல ஃபோல்டரின் கோடாக இருக்கலாம். ஏஜென்ட் பிழையைச் சரியாகத் திருத்தியிருக்கும், டெஸ்ட் தொடர்ந்து விழும். தன் திருத்தம் போதவில்லை என்று நினைத்து அது மேலும் மேலும் மாற்றிக்கொண்டே போகும். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் அடையாளம் தெரியாத கோடு. வொர்க்ட்ரீக்கு ஒரு புது என்விரான்மென்ட் உருவாக்குங்கள். பழையதைப் பிரதி எடுக்காதீர்கள், அதன் ஸ்கிரிப்ட்களுக்குள் பழைய ஃபோல்டரின் முழு முகவரி பதிந்திருக்கும்.

வொர்க்ட்ரீ பிரிக்காத சிலவும் உண்டு. ஸ்டாஷ் (கமிட் செய்யாத மாற்றங்களை ஒதுக்கிவைக்கும் இடம்) பொதுவானது. லாகின் ஏஜென்ட் ஸ்டாஷ் செய்துவைத்ததை பில் ஏஜென்ட் 'ஸ்டாஷ் பாப்' செய்தால் அதன் ஃபோல்டரில் வந்து விழும். கிட் கான்ஃபிக், ஹூக்குகள் ஆகியவையும் பொதுவே. ஏஜென்ட்களுக்கு ஸ்டாஷை அடியோடு தடைசெய்துவிடலாம். ஒதுக்கிவைக்க வேண்டுமென்றால் தன் பிராஞ்சிலேயே தற்காலிகக் கமிட் போடட்டும்.

டிமக்ஸில் ஆளுக்கொரு ஜன்னல்

டெர்மினலை மூடினாலும், எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தாலும், டிமக்ஸுக்குள் இருப்பவை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் இது. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் எல்லாம் போய்விடும்.

டிமக்ஸ் நியூ -எஸ் ஷாப்

இப்போது 'ஷாப்' என்ற செஷனில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு ஏஜென்டுக்கும் ஒரு ஜன்னல் திறக்கலாம்:

டிமக்ஸ் நியூ-விண்டோ -என் லாகின் -சி ../ஷாப்-லாகின்
டிமக்ஸ் நியூ-விண்டோ -என் பில் -சி ../ஷாப்-பில்

'மைனஸ் என்' என்பது ஜன்னலின் பெயர். மைனஸ் சி எந்த ஃபோல்டரில் தொடங்க வேண்டும் என்பது. இந்த இரண்டாவதை விட்டுவிட்டு, பிறகு ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளையைப் போட மறந்து, மூல ஃபோல்டரிலேயே ஏஜென்டைத் திறப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஏஜென்டைத் திறக்கும் முன் 'கிட் ஸ்டேட்டஸ்' ஒருமுறை தட்டிப் பிராஞ்ச் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

கண்ட்ரோல் பி அழுத்திக் கையை எடுத்துவிட்டு அடுத்த விசை: எண் தட்டினால் அந்த ஜன்னல்; டபிள்யூ தட்டினால் பட்டியல்; டிடாச் என்பதன் முதல் எழுத்தான டி தட்டினால் வெளியே வந்துவிடலாம், உள்ளே வேலை தொடரும். திரும்ப 'டிமக்ஸ் அட்டாச் -டி ஷாப்'. இங்கே டி, டார்கெட் என்பதன் முதல் எழுத்து. மேலே ஓடிப்போனதைப் படிக்க இடது சதுர அடைப்புக்குறி, வெளியேற க்யூ. இவ்வளவு தெரிந்தால் போதும். திரையை நான்காகப் பிளந்து நான்கு ஏஜென்ட்களையும் ஒரே நேரத்தில் பார்ப்பது படம் எடுக்க அழகாக இருக்கும். ஒவ்வொன்றும் குறுகி, டிஃப் (மாற்றங்களைக் காட்டும்) வரிகள் மடிந்து, எதையும் ஒழுங்காகப் படிக்க முடியாது. ஆளுக்கொரு முழு ஜன்னலே மேல்.

கிளாட் கோடில் கண்ட்ரோல் பி, ஓடும் கட்டளையைப் பின்னணிக்கு அனுப்பும் விசை. டிமக்ஸ் அதை முதலில் பிடித்துக்கொள்ளும் என்பதால் இருமுறை அழுத்த வேண்டும்.

ஹோம் ஃபோல்டரில் உள்ள டாட் டிமக்ஸ் டாட் கான்ஃப் கோப்பில் மூன்று வரிகள் சேருங்கள்:

செட் -ஜி மவுஸ் ஆன்
செட் -ஜி ஹிஸ்டரி-லிமிட் 50000
செட்டபிள்யூ -ஜி மானிட்டர்-சைலன்ஸ் 60

இரண்டாவது வரி இல்லையென்றால் ஒரு ஜன்னலுக்கு 2000 வரிதான் நினைவில் இருக்கும். ஏஜென்டின் வெளியீட்டுக்கு அது போதாது. இந்த அளவு புதிதாகத் திறக்கும் ஜன்னலுக்குத்தான் செல்லும், ஏற்கெனவே திறந்திருப்பதற்கு அல்ல. மூன்றாவது வரிதான் இங்கே பொன். ஏஜென்ட் வேலை செய்யும்போது திரையில் ஏதாவது சுழன்றுகொண்டோ நகர்ந்துகொண்டோ இருக்கும். 60 நொடி ஒரு ஜன்னலில் எதுவும் அசையவில்லை என்றால், ஒன்று வேலை முடிந்திருக்கும், இல்லையென்றால் உங்களிடம் அனுமதி கேட்டு நிற்கும். டிமக்ஸ் கீழ்ப்பட்டையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அலைக்குறி போடும். ஏஜென்ட் மணியடிக்கும்படி அமைத்திருந்தால் அதே இடத்தில் ஆச்சரியக்குறி வரும். ஆக ஒவ்வொரு ஜன்னலாகத் தாவித் தாவிப் பார்க்க வேண்டியதில்லை. கீழ்ப்பட்டையைப் பார்த்தால் போதும்.

லேப்டாப் தூங்கினால் டிமக்ஸும் தூங்கும். மேக்கில் 'கஃபினேட் -ஐ' ஓடவிட்டால் சும்மா இருக்கும்போது தூங்காது. மூடியை மூடினால் அது உதவாது. நீண்ட வேலைகளை ஒரு சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக ஓட்டுவதே நிம்மதி.

வேலைச் சீட்டு

'லாகின் பிரச்சினையைச் சரிசெய்' என்று ஒற்றை ஏஜென்டிடம் சொன்னால் பரவாயில்லை, கூடவே இருந்து திருத்திக்கொள்வீர்கள். மூன்று ஓடும்போது கூடவே இருக்க முடியாது. அதனால் தொடக்கத்திலேயே எழுதிக்கொடுங்கள். இப்படி:

"தவறான கடவுச்சொல்லை 5 முறை தந்தால் அந்தக் கணக்கை 15 நிமிடம் பூட்ட வேண்டும். ஆத் ஃபோல்டரையும் அதன் டெஸ்ட்களையும் மட்டும் தொடு. மைக்ரேஷன் எழுதாதே, லாக்டு அன்டில் என்ற நெடுவரிசை ஏற்கெனவே டேபிளில் இருக்கிறது. சர்வரை 3010 போர்ட்டில் ஓட்டு. ஒவ்வொரு படியும் முடிந்ததும் கமிட் செய். புஷ், ஸ்டாஷ், மெர்ஜ் செய்யாதே. ஆத் டெஸ்ட்கள் எல்லாம் தேறினால் வேலை முடிந்தது. இந்த எல்லைக்கு வெளியே மாற்றம் தேவைப்பட்டால் நிறுத்திக் கேள்."

இதில் உயிர் கடைசி நான்கு வாக்கியங்களில்தான் இருக்கிறது. எது முடிவு என்று சொல்லாவிட்டால் ஏஜென்ட் தன் போக்கில் 'மேம்படுத்தி'க்கொண்டே இருக்கும். எல்லையைச் சொல்லாவிட்டால் அடுத்த ஏஜென்டின் கோப்புக்குள் நுழையும். சின்னச் சின்னக் கமிட்டாக இருந்தால், நடுவில் நின்றுபோனாலும் அதுவரை செய்தது கையில் இருக்கும்.

எல்லா ஏஜென்டுக்கும் பொதுவான விதிகளை வேலைச் சீட்டில் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். கிளாட் கோட் 'கிளாட் டாட் எம்டி' கோப்பையும், கோடெக்ஸ் 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி' கோப்பையும், ஜெமினி 'ஜெமினி டாட் எம்டி' கோப்பையும் தாமாகப் படிக்கும். பெயர்ப் பகுதி பெரிய எழுத்தில். அதைக் கமிட் செய்திருந்தால்தான் புது வொர்க்ட்ரீயில் வரும், மறந்துவிடாதீர்கள்.

பெரிய வேலை என்றால் எழுதவிடும் முன் திட்டம் மட்டும் கேளுங்கள். கிளாட் கோடில் ஷிப்ட் டேப் அழுத்தி பிளான் முறைக்கு மாறலாம். தவறான திட்டத்தை ஒரு நிமிடத்தில் மடக்கிவிடலாம். தவறான எண்ணூறு வரிகளை அப்படி முடியாது.

போர்ட்டும் டேட்டாபேஸும்

வொர்க்ட்ரீ பிரித்தாயிற்று, இனி மோதாது என்று நினைப்பவர்களை இது பிடிக்கும். கணினி ஒன்று, அதில் 3000 என்ற போர்ட்டும் ஒன்றுதான்.

பளிச்சென்று பிழை காட்டி நிற்கும் மோதல் நல்லது. வீட் (முன்பக்கக் கோடை ஓட்டிக் காட்டும் சர்வர்) போன்ற கருவிகள் 5173 பிடிபட்டிருந்தால் சத்தமில்லாமல் அடுத்த எண்ணுக்குப் போய்விடும். பில் ஏஜென்டின் சர்வர் 5174இல் எழுந்திருக்கும். ஏஜென்டோ வழக்கப்படி 5173ஐத் திறந்து சோதிக்கும். அங்கே இருப்பது லாகின் ஏஜென்டின் பக்கம். 'என் மாற்றம் தெரியவில்லையே' என்று அது சரியான கோடைக் கெடுக்கத் தொடங்கும். வீட் கருவியில் ஸ்ட்ரிக்ட் போர்ட் அமைப்பை ஆன் செய்தால் இப்படி நழுவாமல் பிழை காட்டி நிற்கும். மூலத்துக்கு 3000, லாகினுக்கு 3010, பில்லுக்கு 3020 என்று பத்துப் பத்தாக ஒதுக்கி, அந்தந்த டாட் என்வியில் எழுதிவிடுங்கள்.

போர்ட் பிடிபட்டிருந்தால் ஏஜென்ட் செய்யும் இன்னொரு காரியம், அதில் இருப்பதைக் கொல்வது. 'பிகில் நோட்' என்று ஒரு கட்டளை. எல்லாருடைய சர்வரும் விழும். நோடில் ஓடும் ஏஜென்டாக இருந்தால் தன்னையும் சேர்த்தே முடித்துக்கொள்ளக்கூடும். இந்தக் கட்டளையைப் பொது விதிக் கோப்பில் தடைசெய்யுங்கள். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க 'எல்எஸ்ஓஎஃப் -ஐ :3010'.

டேட்டாபேஸும் ஆளுக்கொன்று வேண்டும். ஓர் ஏஜென்டின் டெஸ்ட் தொடங்கும்போது டேபிள்களைத் துடைக்கும். அதே நேரம் மற்றதன் டெஸ்ட் பாதியில் இருக்கும். விளைவு, ஒருமுறை தேறி ஒருமுறை விழும் டெஸ்ட். போஸ்ட்கிரஸில் 'கிரியேட்டிடிபி -டி ஷாப் ஷாப்_லாகின்' என்றால் அப்படியே நகல் கிடைக்கும். இங்கே டி, டெம்ப்ளேட் என்பதன் முதல் எழுத்து, பெரியது. மூல டேட்டாபேஸில் வேறு யாராவது இணைந்திருந்தால் நகல் எடுக்க மறுக்கும், முதலில் சர்வரை நிறுத்துங்கள். டாக்கர் கம்போஸ், ஃபோல்டர் பெயரைத்தான் திட்டப் பெயராக எடுத்துக்கொள்ளும் என்பதால் வொர்க்ட்ரீக்கு வொர்க்ட்ரீ தானாகப் பிரிந்துவிடும். ஆனால் கம்போஸ் கோப்பில் கன்டெய்னர் பெயரையோ வெளிப் போர்ட் எண்ணையோ நிலையாக எழுதியிருந்தால் அங்கே மோதும்.

எவ்வளவு அனுமதி

வொர்க்ட்ரீ ஒரு தனி அறை, ஆனால் கதவுக்குப் பூட்டு இல்லை. ஏஜென்ட் நினைத்தால் பக்கத்து ஃபோல்டருக்குப் போகலாம். மூன்று ஜன்னலிலும் அனுமதி கேட்டு நிற்பது எரிச்சல்தான். அதற்காக எல்லா அனுமதியையும் ஒரேயடியாகத் தாண்டும் விருப்பத்தைப் போட்டுவிடுகிறார்கள். கிளாட் கோடில் அந்த விருப்பத்தின் பெயரிலேயே 'ஆபத்தாக' என்று எழுதியிருக்கிறது. கன்டெய்னருக்குள் அல்லது தனி விர்ச்சுவல் மெஷினுக்குள் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வெளியே ஓட்டினால், படிப்பது, டெஸ்ட் ஓட்டுவது, கமிட் செய்வது ஆகியவற்றை மட்டும் பெயர் சொல்லி அனுமதியுங்கள். எரிச்சலில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். கோடெக்ஸில் 'வொர்க்ஸ்பேஸ்-ரைட்' சாண்ட்பாக்ஸ் முறை, எழுதுவதை வேலை ஃபோல்டர் அளவில் நிறுத்தும்.

டாட் என்வியில் உண்மையான புரொடக்‌ஷன் சாவிகள் இருக்கவே கூடாது. ஏஜென்ட் படிக்கும் வலைப்பக்கத்திலோ இஷ்யூவிலோ யாரோ ஒளித்துவைத்த கட்டளையை அது உங்கள் கட்டளை என்று நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஓடும்போது பார்க்க வேண்டியவை

அலைக்குறி வந்த ஜன்னலுக்குப் போங்கள், பதில் சொல்லுங்கள், வெளியே வாருங்கள். இடையிடையே, சொல்லப்போனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மூல ஃபோல்டரிலிருந்து இதைத் தட்டுங்கள்:

கிட் டிஃப் --ஸ்டாட் மெயின்...லாகின்

நடுவில் மூன்று புள்ளி. பிராஞ்ச் பிரிந்த இடத்திலிருந்து அது கமிட் செய்த மாற்றங்களை மட்டும் காட்டும். கோப்புப் பட்டியல் மட்டுமே வருவதால் ஐந்து நொடியில் படித்துவிடலாம். வேலைச் சீட்டில் இல்லாத கோப்பு தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரே கோப்பு மூன்றாம் முறை திருத்தப்படுவது, டெஸ்டின் காலவரம்பு உயர்த்தப்படுவது, 'ஸ்கிப்' என்ற சொல் டெஸ்டில் புதிதாகத் தோன்றுவது எல்லாமே வழிதவறியதற்கு அறிகுறிகள். அந்த நிலையில் உரையாடலை நீட்டித் திருத்த முயல்வதைவிட, கடைசி நல்ல கமிட்டுக்குத் திரும்பி, புது உரையாடலில் தெளிவான சீட்டோடு தொடங்குவதே வேகம். குழம்பிய பேச்சு முழுவதும் அதன் நினைவில் இருக்கும்வரை அதே குழப்பத்துக்குத் திரும்பும்.

காலவரம்பு உயர்த்துவதற்கு ஏஜென்டை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட் இயல்பாகவே கணினியின் கோர்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். மூன்று ஜன்னலில் மூன்று ஜெஸ்ட் ஓடினால் நல்ல டெஸ்ட்டும் நேரம் தாண்டி விழும். மேக்ஸ் வொர்க்கர்ஸை 2 என்று கட்டுப்படுத்துங்கள்.

சேர்க்கும் நேரம்

ஒரே நேரத்தில் முடிந்தாலும் ஒவ்வொன்றாகத்தான் மெயினில் சேர வேண்டும். சிறிய மாற்றம் முதலில். முதலில் டெஸ்ட் கோப்புகளின் டிஃபைப் படியுங்கள், கோடு பிறகு. டெஸ்டைத் தளர்த்தித் தேற வைத்திருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

மூல ஃபோல்டரில், மெயின் பிராஞ்சில் நின்று 'கிட் மெர்ஜ் லாகின்'. முழு டெஸ்டும் ஓட்டுங்கள். பிறகு பில் வொர்க்ட்ரீக்குப் போய் 'கிட் ரீபேஸ் மெயின்'. பில்லின் கமிட்களைப் புதிய மெயினின் மேல் மறுபடி அடுக்கும் கட்டளை இது. அங்கே கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் மறுக்கும். ரீபேஸ் ஓடும்போது அந்த ஜன்னலின் ஏஜென்ட் சும்மா இருக்க வேண்டும். மோதல் வந்தால் அதே ஏஜென்டிடம் தீர்க்கச் சொல்லலாம், தன் மாற்றம் எதற்கு என்று அதற்குத்தான் தெரியும். பேக்கேஜ் லாக் கோப்பில் மோதல் வந்தால் கையால் ஒட்டவேண்டாம். மெயினில் இருப்பதை எடுத்துக்கொண்டு இன்ஸ்டாலை மறுபடி ஓட்டுங்கள்.

மெர்ஜில் மோதல் இல்லை என்பதாலேயே நிம்மதி அடையக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு. 'கெட் டைம்அவுட்' என்ற ஃபங்ஷன் நொடியில் விடை தந்துகொண்டிருந்தது. லாகின் ஏஜென்ட் அதை மில்லி நொடிக்கு மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடத்தையும் ஒழுங்காகத் திருத்தியது. அதே வேளையில் பில் ஏஜென்ட் புதிய கோப்பு ஒன்றில் அதே ஃபங்ஷனை அழைத்து, வந்த விடையை நொடி என்று கருதி 1000ஆல் பெருக்கியது. இரு பிராஞ்சிலும் டெஸ்ட்கள் தேறின. கோப்புகள் வேறு என்பதால் கிட் முணுமுணுக்காமல் சேர்த்தது. சேர்ந்த பிறகு 30 நொடி காத்திருக்க வேண்டிய கோடு எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும். பிராஞ்சில் தேறிய டெஸ்ட், மெயினில் தேறும் என்பதற்குச் சான்று இல்லை. ஒவ்வொரு மெர்ஜுக்குப் பிறகும் முழு டெஸ்ட் என்பது இதனால்தான். பொதுவான ஃபங்ஷனின் பொருளை மாற்றும் வேலையை இணையாக ஓட்டாதீர்கள் என்பதும்.

மூன்றாவது ஏஜென்ட் எப்போது

ஒரே கணக்கில் ஓடும் ஏஜென்ட்கள் எல்லாம் ஒரே பயன்பாட்டு வரம்பைத்தான் குடிக்கின்றன. மூன்று ஓடினால் ஏறக்குறைய மும்மடங்கு வேகத்தில் தீரும். தீரும்போது மூன்றும் ஒருசேர, பாதி வேலையில் நிற்கும். சின்னக் கமிட்களின் அருமை அப்போது தெரியும். வரம்பு மீண்டதும் அந்தந்த வொர்க்ட்ரீக்குள் போய் 'கிளாட் --கன்டினியூ' அல்லது 'கோடெக்ஸ் ரெஸ்யூம்' தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கிளாட் கோட் உரையாடல்களை ஃபோல்டர் வாரியாக வைத்திருப்பதால், வேறு ஃபோல்டரில் நின்று தட்டினால் வேறு பேச்சு திறக்கும்.

வரம்பைவிட முன்னால் தீர்வது உங்கள் வாசிப்பு. முடிந்த பிராஞ்ச் ஒன்று படிக்கப்படாமல் காத்திருக்கிறது என்றால், மூன்றாவது ஏஜென்டைத் திறக்க நேரம் வரவில்லை. இரண்டையும் ஓட்டி, அன்றைய மாற்றங்களை வரிவரியாகப் படித்து அன்றே மெயினில் சேர்க்க முடிகிற வாரத்தில் மூன்றாவதைத் திறங்கள். எழுதாத ஒன்றை, வாசிப்பு அனுமதி மட்டும் தந்து, மற்றவற்றின் டிஃபைச் சோதிக்க வைப்பது மூன்றாவதற்கு நல்ல முதல் வேலை.

ஒழித்துவைத்தல்

மெர்ஜ் ஆனதும் ஏஜென்டையும் சர்வரையும் நிறுத்திவிட்டு, மூல ஃபோல்டரிலிருந்து:

கிட் வொர்க்ட்ரீ ரிமூவ் ../ஷாப்-லாகின்
கிட் பிராஞ்ச் -டி லாகின்

கமிட் ஆகாத மாற்றமோ கிட் அறியாத புதுக் கோப்போ இருந்தால் முதல் கட்டளை மறுக்கும். ஃபோர்ஸ் போடும் முன் அந்தக் கோப்பு என்னவென்று பாருங்கள். ஏஜென்ட் எழுதிவிட்டுச் சேர்க்க மறந்த டெஸ்டாக இருக்கலாம். ஃபோல்டரைக் கையால் அழித்துவிட்டிருந்தால் 'கிட் வொர்க்ட்ரீ ப்ரூன்' ஓட்டுங்கள், இல்லையென்றால் பிராஞ்ச் இன்னும் அங்கே திறந்திருப்பதாக கிட் எண்ணிக்கொண்டு அழிக்க விடாது. இரண்டாவது கட்டளையில் டி, டிலீட் என்பதன் முதல் எழுத்து, சிறியது. மெயினில் சேராத பிராஞ்சை அது அழிக்காது. ஸ்குவாஷ் மெர்ஜ் (எல்லா கமிட்களையும் ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்திருந்தால் மட்டும், சேர்ந்த பிறகும் சேரவில்லை என்றே சொல்லும். அப்போது மெயினில் அந்த மாற்றம் இருப்பதைக் கண்ணால் உறுதிசெய்துகொண்டு பெரிய எழுத்து டி போடுங்கள். அந்த வொர்க்ட்ரீக்காக எடுத்த டேட்டாபேஸ் நகலையும் 'டிராப்டிபி ஷாப்_லாகின்' என்று நீக்கிவிடுங்கள்; 3010 அடுத்த வேலைக்குக் காலி.